இரண்டாம் இலக்கம்

மிசிசாகாவில், டிக்ஸி வீதிக் கராஜில்,
மாசிமாதச் சேறு சொட்டச் சொட்ட வந்து நிற்கிறது
விமான நிலையத்துக்கு ஓடுகிற கறுப்புக் கார்.

ஒரு கார், இரண்டு சாரதிகள்.
பகலுக்குப் பரராஜசிங்கம், ஐந்தடி மூன்று.
இரவுக்கு டெஸ்ஃபாய், அஸ்மாராக்காரர், ஆறடி இரண்டு.
கதவில் இரண்டு பட்டன்.
ஒன்றை அமத்தினால் சீற் இவருக்கு,
இரண்டை அமத்தினால் அவருக்கு.
திறப்பை ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டு எடுத்து
நாலு வருடமாக
முகம் பார்க்காமல் பங்குபோட்ட கார்.

'அவன்தான் தங்கச்சி எதையோ நோண்டியிருக்கிறான்.
ஒன்றை அமத்தினா ரெண்டங்குலம் போய் நிக்குது.
கால் பிரேக்குக்கு எட்டுதில்லை.'

தொலைபேசியில் டெஸ்ஃபாய்:
அந்த மனிதர்தான், அவருடைய கைதான்.
என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.

இங்கே வருமுன் இரண்டு கராஜ் ஏறி இறங்கிய கார்.
சென்ஸர் போச்சு, மோட்டரோடு மாற்று என்றார்களாம் ஓரிடத்தில்.
மற்ற இடத்தில் மொடியூல், ஆயிரத்து நூறு டொலர்.

சீற்றுக்கு ஞாபகம் என்று ஒன்றில்லை.
அது எண்ணுகிறது, அவ்வளவுதான்.
மோட்டரின் முதுகில் ஒரு காந்த வளையம்,
பக்கத்தில் அரிசிமணி அளவில் சென்ஸர்,
சுற்றுக்கு இத்தனை துடிப்பு.
பின் எல்லையிலிருந்து எண்ணூற்றுப் பன்னிரண்டு: பரராஜசிங்கம்.
நூற்று நாற்பது: டெஸ்ஃபாய்.
எண்ணிக்கை தவறினால்
எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல்
அரை விநாடி ஓடி நின்றுவிடும்.
எனக்கு அந்தப் பயத்தில் மதிப்பு உண்டு.

பின்சீற்றில் காலைப் போட்டு
முன்சீற்றின் அடியில் தலையை நுழைக்கிறேன்.
யாரோ தவறவிட்ட போர்டிங் அட்டை, காய்ந்த பொரித்த கிழங்கு,
ஒரு இரண்டு டொலர்க் குற்றி.
மீட்டரை வைக்கிறேன்.
கரண்ட் வருகிறது. எர்த் சரி.
மோட்டர் முனகி நகர்கிறது,
சிக்னல் வயரில் மட்டும் அசையாத ஒரே இலக்கம்.

சாய்வு மோட்டரின் பிளக்கைக் கழற்றி
இதில் செருகினேன்.
சாய்வு ஸ்விட்சை அமத்த, சீற் முன்னே போனது,
துடிப்பு வந்தது:
ஐந்து, சைபர், ஐந்து, சைபர், ஐந்து.
ஆக, சென்ஸர் நிரபராதி.

கம்பளத்தை உரித்தேன்.
அடியில் இன்னொரு பிளக்,
மூன்றாவது பின் பாசிபோலப் பச்சை.
பனிக்காக வீதியெல்லாம் கொட்டுகிற உப்பு
சப்பாத்தோடு ஏறி, கரைந்து, இறங்கி,
செம்பைத் தின்றிருக்கிறது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த ஊர் உப்பு
மறக்க வைக்கிறது.

எது பரராஜசிங்கத்தின் சப்பாத்து உப்பு,
எது டெஸ்ஃபாயினுடையது?
மீட்டரில் அதற்கு அளவில்லை.
பில்லை நடுவால் பிரித்தேன்,
ஆளுக்கு எழுபத்திரண்டு டொலர் ஐம்பது சதம்.

புதுப் பின். கொஞ்சம் கிரீஸ்.
முன் எல்லைவரை ஓட்டி ஐந்து விநாடி பிடித்தேன்,
பின் எல்லைவரை ஓட்டி ஐந்து விநாடி.
இனி எண்ணத் தெரியும்.
ஆனால் யாருக்காக என்று சொல்லிக்கொடுக்க
உடம்பு வேண்டும், இரண்டு உடம்பு.

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள்.
கைகுலுக்குவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.
பரராஜசிங்கம் ஏறி, நகர்த்தி, ஒன்றைப் பதிந்தார்.
டெஸ்ஃபாய் தலையைக் குனிந்து ஏறி, இரண்டை.

டெஸ்ஃபாய் இறங்கியதும்
'ஒருக்கா' என்று சொல்லி
மறுபடி ஏறினார் பரராஜசிங்கம்.
இரண்டை அமத்தினார்.

சீற் அவரைப் பின்னே கொண்டுபோனது, தாழ்த்தியது.
கால் பெடலை விட்டது.
கண்ணாடி நிமிர்ந்து
கராஜின் கூரையைக் காட்டியது.

டெஸ்ஃபாய் கதவைப் பிடித்தபடி நின்றார்.

'இவ்வளவு தூரத்திலயோ இருக்கிறான்'
என்றார் பரராஜசிங்கம், என்னிடம், தமிழில்.
இறங்க அவசரப்படவில்லை.